புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டு: இங்கிலாந்தின் பழைய ஆம்ஸ்ஹவுஸ்கள்

முதல் நாள்: சிசெஸ்டர்

லண்டன் விக்டோரியாவிலிருந்து சிசெஸ்டருக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஊருக்கு வருகிறவர்கள் கதீட்ரலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே, நடக்கிற தூரத்தில், ஏழை முதியவர்களுக்காக ஏற்படுத்திய செயின்ட் மேரிஸ் ஹாஸ்பிடல் இருக்கிறது. இந்த வகை தர்ம வீடுகளைத்தான் ஆம்ஸ்ஹவுஸ் என்கிறார்கள். பெயரைப் பார்த்து மருத்துவமனை என்று நினைக்க வேண்டாம். இதில் இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள், அதனால் முன்கூட்டிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். திடுதிப்பென்று போனால் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

வெளியே நின்று முதலில் கூரையைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த ஒரே பெரிய கூடம் இது. ஓடு வேய்ந்த கூரை உச்சியிலிருந்து சரிந்து ஏறக்குறைய ஆள் உயரம் வரை இறங்குகிறது. உள்ளே இரண்டு வரிசை ஓக் மரத் தூண்கள் கூடத்தை மூன்று பத்தியாகப் பிரிக்கின்றன. நடுப்பத்தி நடமாட, பக்கப் பத்திகள் படுக்கை போட. கிழக்குக் கோடியில் மரத்தட்டியைத் தாண்டினால் சாப்பல், அதாவது சின்ன ஜெபக்கூடம்.

மத்தியகால ஹாஸ்பிடல்களுக்கு இதுதான் வாடிக்கையான அமைப்பு. படுக்கையின் தலைமாடு சுவர் பக்கம், கால்மாடு நடுப்பத்திப் பக்கம். படுத்தபடியே பூசையைக் கேட்கலாம், பார்க்கலாம். வைத்தியம் என்று பெரிதாக எதுவும் இல்லாத காலம். சாகிறவர் ஆன்மா கரையேறுவதும், பணம் கொடுத்த புண்ணியவானுக்காக அவர் ஜெபிப்பதும்தான் ஏற்பாட்டின் நோக்கம். தனிமைக்கு இடமில்லை, அதைப் பற்றி யாரும் யோசிக்கவும் இல்லை.

இந்தக் கூரையைப் பிளந்துகொண்டு நான்கு தடித்த செங்கல் புகைபோக்கிகள் நிற்கின்றன பாருங்கள், அவைதான் இந்தப் பயணம் முழுவதற்கும் சாவி. 17ஆம் நூற்றாண்டில் பக்கப் பத்திகளைச் சுவர் வைத்து அடைத்து, கூடத்துக்குள்ளேயே சின்னச் சின்ன வீடுகளாக்கினார்கள். மொத்தம் எட்டு வீடு. ஒரு புகைபோக்கியைச் சுற்றி இரண்டு வீடு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணப்பு, தனிக் கதவு. ஆம்ஸ்ஹவுஸின் சரித்திரத்தைப் படிக்கப் புத்தகமே வேண்டாம், புகைபோக்கிகளை எண்ணினால் போதும். பொதுக்கூடம் எப்போது தனி வீடானது, யாருக்கு எவ்வளவு அந்தரங்கம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் கூரைக்கு மேலே எழுதியிருக்கிறது.

இப்படிப் பின்னால் சொருகிய புகைபோக்கிகளில் வரும் கோளாறு ஒன்றுதான். மரக்கூரை வெயிலுக்கும் ஈரத்துக்கும் சுருங்கும், விரியும். செங்கல் அசையாது. இரண்டும் சேரும் இடத்தில் மடித்து வைத்த ஈயத்தகடு காலப்போக்கில் கிழியும். அந்தக் கிழிசல் வழியாக இறங்கும் தண்ணீர் முதலில் நனைப்பது உத்தரத்தின் முனையை. கீழே ஈரக்கறை தெரிவதற்குள் முனை உளுத்துப் போயிருக்கும். பழைய கட்டடத்தைப் பராமரிப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்னால் முதலில் ஏறிப் பார்ப்பது இந்த மூலையைத்தான்.

இரண்டாம் நாள்: வின்செஸ்டர்

சிசெஸ்டரிலிருந்து சவுத்தாம்ப்டன் சென்ட்ரலில் ரயில் மாறி வின்செஸ்டர். கதீட்ரலுக்குத் தெற்கே இட்சன் ஆற்றை ஒட்டிய புல்வெளிப் பாதையில் ஒரு மைல் நடந்தால் செயின்ட் க்ராஸ். மழை பெய்த மறுநாள் சேறாக இருக்கும், நல்ல ஷூ வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரே ஓர் ஆம்ஸ்ஹவுஸ் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். வின்செஸ்டர் பிஷப் ஹென்றி ஆஃப் ப்ளுவா 1130களில் ஏற்படுத்தியது. இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமின் பேரன், ஸ்டீபன் அரசரின் தம்பி, கையில் பணத்துக்குக் குறைவில்லாதவர். 13 ஏழைகளுக்குத் தங்க இடம், அதுபோக வாசலில் தினம் 100 பேருக்குச் சாப்பாடு. 13 என்ற எண் இந்தப் பயணம் நெடுக வரும். இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் என்ற கணக்கு.

1445இல் கார்டினல் பியூஃபோர்ட் இரண்டாவது பிரிவு ஒன்றைச் சேர்த்தார். நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்துப் போனவர்களுக்கானது அது. இங்கே குடியிருப்பவர்களுக்கு பிரதர் என்று பெயர். இன்றும் பழைய பிரிவைச் சேர்ந்த பிரதர்கள் கறுப்பு அங்கியும் வெள்ளிச் சிலுவையும், பியூஃபோர்ட் பிரிவைச் சேர்ந்தவர்கள் அடர் சிவப்பு அங்கியும் அணிகிறார்கள். ஏழைகளிலும் இரண்டு வகுப்பு வைத்தது அந்தக் காலத்து நியாயம்.

பியூஃபோர்ட் கோபுர வாசலைத் தாண்டி உள் முற்றத்தில் நின்றால் இடது பக்கம் சர்ச், வலது பக்கம் பிரதர்களின் வீட்டு வரிசை. இரண்டு மாடிக் கல் கட்டடம், அதன் முகப்பில் வரிசையாக உயர்ந்து நிற்கும் புகைபோக்கிகள். சிசெஸ்டரில் பிறகு சொருகியதை இங்கே 15ஆம் நூற்றாண்டிலேயே திட்டம் போட்டுக் கட்டினார்கள். ஒரு படிக்கட்டுக்கு நான்கு வீடு, கீழே இரண்டு மேலே இரண்டு. வீடு என்றால் கணப்போடு ஓர் இருப்பறை, ஒரு படுக்கையறை, சாமான் வைக்க ஒரு சின்ன அறை. படிக்கட்டை மையமாக வைத்து அடுக்கும் இந்த முறை ஆக்ஸ்ஃபோர்ட், கேம்ப்ரிட்ஜ் கல்லூரி விடுதிகளில் இருப்பதேதான். அங்கே மாணவர், இங்கே முதியவர், கட்டடக்காரருக்கு வேலை ஒன்றே.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. மாணவனுக்குச் சரியான படிக்கட்டு எண்பது வயதுக்காரருக்குச் சரிப்படாது. மேல் வீட்டில் குடியேறியவருக்கு முழங்கால் மக்கர் செய்தால் கீழ் வீடு காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். லிஃப்ட் வைக்கலாம் என்றால் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம், ஒரு கதவை அகலப்படுத்தவே அனுமதி வாங்க வேண்டும்.

சர்ச்சைக் கிழக்கிலிருந்து மேற்காகப் பார்த்துக்கொண்டே நடங்கள். நார்மண்டியிலிருந்து கப்பலில் வந்த கான் கல், தடித்த சுவர்கள். கிழக்கில் அரைவட்ட வளைவுகள் ஆட்சி செய்யும். மேற்கே போகப் போக வளைவு கூராகும். வேலை நூறு வருடத்துக்கு மேல் இழுத்ததால் வந்த மாற்றம் அது. தரையையும் பாருங்கள். மத்தியகால ஓடுகள் சிலவற்றில் பழைய எழுத்தில் இரண்டே சொல் பதித்திருக்கும்: ‘ஹாவ் மைண்ட்’, நினைவில் வை. காலடியில் படுவதால் தேய்ந்தும் தேயாமலும் இருக்கின்றன. குனிந்து பார்த்தால்தான் எழுத்து புலப்படும். பலர் அதன் மேல் நடந்து போய்விடுகிறார்கள்.

பழைய சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே திறந்த கணப்பு மேடை இருக்கிறது. புகைபோக்கி இல்லாத காலத்தின் மிச்சம்.

இனி வரும்படி விஷயம். இந்த மாதிரி தர்மங்கள் கெட்டுப்போனது பெரும்பாலும் கட்டடத்தால் அல்ல, குத்தகையால். செயின்ட் க்ராஸுக்கு நிறைய நிலம் எழுதி வைத்திருந்தார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது இரண்டு வகையில் பணம் வரும்: வருடாந்திரக் குத்தகை, குத்தகையைப் புதுப்பிக்கும்போது ஒரே தடவையாகக் கட்டும் முன்தொகை. உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 100 பவுண்டு பெறுகிற நிலத்தை 10 பவுண்டு குத்தகைக்கு எழுதிவிட்டு, புதுப்பிக்கும்போது 500 பவுண்டு முன்தொகை வாங்கலாம். 10 பவுண்டு தர்மத்தின் கணக்கில் ஏறும். 500 தர்மத்தை நிர்வகிக்கும் மாஸ்டரின் பையில் போகும். பேப்பரில் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு, உள்ளே தர்மம் காய்ந்துகொண்டிருக்கும்.

1808இல் மாஸ்டராக வந்த பிரான்சிஸ் நார்த் பிற்பாடு கில்ஃபர்ட் பிரபு ஆனவர். அவரை நியமித்த பிஷப் வேறு யாருமில்லை, பெற்ற தகப்பனார்தான். பல்லாண்டு இப்படி நடந்த பிறகு 1853இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, 1855இல் பதவியை விட்டார். இங்கிலாந்தில் தர்மங்களைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷன் ஏற்பட்டதும் அதே 1853இல்தான். ஊர் ஊராக இதுபோன்ற கதைகள் இருந்ததால்தான் அப்படி ஓர் அமைப்பு வேண்டியிருந்தது.

கிளம்பும் முன் வாசல் அறையில் ‘வேஃபேரர்ஸ் டோல்’ வேண்டும் என்று கேளுங்கள். கொம்புக் கோப்பையில் கொஞ்சம் ஏல் என்ற பீர், ஒரு துண்டு ரொட்டி. வழிப்போக்கருக்கு நூற்றாண்டுகளாகக் கொடுத்து வருவது. வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும், அவர்களாக நீட்ட மாட்டார்கள்.

மூன்றாம் நாள்: யூவெல்ம்

வின்செஸ்டரிலிருந்து ரெடிங்குக்கு நேர் ரயில், அங்கிருந்து வாலிங்ஃபோர்ட் வழியாக ஆக்ஸ்ஃபோர்ட் போகும் பஸ். பென்சனில் இறங்கி அரை மணி நேர நடை. திரும்பும் பஸ் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

சரிவில் மேலிருந்து கீழாக மூன்று கட்டடம்: சர்ச், ஆம்ஸ்ஹவுஸ், பள்ளிக்கூடம். சஃபோக் பிரபு வில்லியம் டி லா போலும் மனைவி ஆலிசும் 1437இல் அரச அனுமதி பெற்று ஏற்படுத்தியவை. ஆலிஸ், கவிஞர் ஜெஃப்ரி சாஸரின் பேத்தி. பள்ளிக்கூடத்தில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஆம்ஸ்ஹவுஸ் 13 ஏழைகளுக்கும் இரண்டு குருமார்களுக்குமானது. நடுவில் சதுர முற்றம், சுற்றிலும் மரத்தூண் தாழ்வாரம், தாழ்வாரத்தை நோக்கி வீட்டுக் கதவுகள். மழை நாளில் நனையாமல் சர்ச்சுக்குப் போகலாம், ஏனென்றால் தாழ்வாரத்திலிருந்து படிக்கட்டு நேராக சர்ச்சின் மேற்கு வாசலுக்கு ஏறுகிறது. இது வசதிக்காக மட்டும் செய்ததல்ல. குடியிருப்பவர்களின் உத்தியோகமே ஜெபிப்பதுதான், தினமும் பல தடவை கோயிலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

செங்கல்லை நெருங்கிப் பாருங்கள். அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் செங்கல் அபூர்வம். பிரபுவின் சொந்த ஊர்ப் பக்கமான கிழக்கு ஆங்கிலியாவில், கடலுக்கு அப்பால் உள்ள ஃப்ளாண்டர்ஸ் நாட்டுப் பழக்கத்தால் முன்பே வேர்பிடித்த பொருள் அது. இங்கே வெளிவாசலில் செங்கல்லையே செதுக்கி வளைவு வளைவாக அலங்காரம் செய்திருக்கிறார்கள். உள்ளே மரச்சட்டங்களுக்கு இடையில் செங்கல்லை மீன்முள் மாதிரி சாய்த்து அடுக்கியிருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் சாய்த்து வைத்த செங்கல் சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். மரம் சுருங்கியதும் ஓரத்தில் இடைவெளி விழும், காற்றும் நீரும் அதன் வழியே நுழையும். பராமரிப்பவர்களுக்கு இந்த ஓரங்களை அடைப்பது ஓயாத வேலை.

சர்ச்சுக்குள் ஆலிசின் சமாதியைத் தவறவிடக் கூடாது. மேல்தட்டில் அலபாஸ்டர் கல்லில் ஆலிஸ் படுத்திருக்கிறார், இடது கையில் கார்ட்டர் என்ற அரச கௌரவப் பட்டத்தின் பட்டை. அடித்தட்டில், தரையோடு தரையாகக் குனிந்து கல் ஜாலி வழியாகப் பார்த்தால், அதே ஆலிஸ் வற்றிப்போன பிணமாகச் செதுக்கப்பட்டிருக்கிறார். செல்போன் டார்ச் உதவும்.

இந்த தர்மத்துக்கு மூன்று கிராமங்களின் வரும்படியை எழுதி வைத்தார்கள்: பக்கிங்ஹாம்ஷையரில் மார்ஷ் கிப்பன், வில்ட்ஷையரில் கோனக், ஹாம்ப்ஷையரில் ராம்ரிட்ஜ். நிலமாக எழுதி வைத்ததுதான் புத்திசாலித்தனம். வருடத்துக்கு இத்தனை பவுண்டு என்று ரொக்கமாக நிர்ணயித்த தர்மங்கள் 16ஆம் நூற்றாண்டு விலைவாசி ஏற்றத்தில் கரைந்தே போயின. அதைத் தாண்டினாலும் 1540களில் இன்னொரு கண்டம். எட்டாம் ஹென்றியும் ஆறாம் எட்வர்டும் செத்தவர்களுக்கு ஜெபிக்கும் அறக்கட்டளைகளைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஜெபத்துக்காகவே ஏற்பட்ட யூவெல்ம் எப்படியோ தப்பியது. முதலாம் ஜேம்ஸ் காலத்தில் மாஸ்டர் பதவியை ஆக்ஸ்ஃபோர்டின் அரச மருத்துவப் பேராசிரியர் பதவியோடு இணைத்துவிட்டார்கள். சம்பளத்துக்கு வழி, வேறென்ன.

20ஆம் நூற்றாண்டில் குளியலறையும் சமையலறையும் வைக்க வேண்டி வந்தபோது பழைய அறைகளைச் சேர்த்து வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். எல்லாப் பழைய ஆம்ஸ்ஹவுஸிலும் இதே சமாசாரம். இடம் கூட வேண்டும் என்றால் ஆள் குறைய வேண்டும். புகைபோக்கி மட்டும் பழைய எண்ணிக்கையில் நிற்கும்.

நான்காம் நாள்: கில்ஃபர்ட், க்ராய்டன்

ரெடிங்கிலிருந்து கில்ஃபர்டுக்கு நேர் ரயில். ஹை ஸ்ட்ரீட் ஏற்றத்தின் மேலே நான்கு மூலைக் கோபுரங்களோடு ஒரு செங்கல் வாசல். அரண்மனையோ என்று தோன்றும். கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஜார்ஜ் ஆபட் 1619இல் தம் சொந்த ஊருக்குக் கட்டிக் கொடுத்த ஆம்ஸ்ஹவுஸ் இது. 12 ஆண்கள், 8 பெண்கள். எதிரே உள்ள ஹோலி ட்ரினிட்டி சர்ச்சில் அவர் சமாதி இருக்கிறது. (இரண்டு வருடம் கழித்து வேட்டைக்குப் போன இடத்தில் அவர் விட்ட அம்பு குறி தவறிக் காவல்காரர் ஒருவர் இறந்துபோனார். ஆர்ச்பிஷப்புக்கு அம்பு எதற்கு என்று நாடே பேசியது.)

க்ராய்டனில் உள்ளது இன்னும் எளிமை. ஈஸ்ட் க்ராய்டனில் இறங்கி ஜார்ஜ் ஸ்ட்ரீட்டில் ட்ராம் பாதையை ஒட்டி நடந்தால், கடைவீதி முனையில் கடைகளுக்கு நடுவே குள்ளமான செங்கல் கட்டடம். ஆர்ச்பிஷப் ஜான் விட்கிஃப்ட் 1596க்கும் 1599க்கும் இடையில் சுமார் 2,700 பவுண்டு செலவில் கட்டியது. வாசல் மேல் லத்தீனில் ஒரு வரி: ஏழைக்குக் கொடுப்பவனுக்குக் குறைவு வராது. 1597இல் ஒரு சட்டம் வந்தது. அதுவரை ஆம்ஸ்ஹவுஸ் ஏற்படுத்த அரசரிடம் தனியாக உரிமம் வாங்க வேண்டும், அதன் பிறகு பத்திரம் பதிந்தாலே போதும். அடுத்த ஐம்பது வருடம் வணிகர்களும் பிஷப்புகளும் போட்டி போட்டுக் கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். ஜெபம் போய், கொடுத்தவர் பெயர் வாசல் மேல் ஏறியது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெருவை அகலப்படுத்த இதை இடிக்கப் பார்த்தார்கள். விவகாரம் பிரபுக்கள் சபை வரை போய் 1923இல்தான் ஆபத்து நீங்கியது.

செங்கல் ஆம்ஸ்ஹவுஸ்களில் ஒரு தவறை இங்கிலாந்து நெடுகப் பார்க்கலாம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம். கையால் அறுத்த பழைய செங்கல் மெத்தென்றது, சுண்ணாம்புச் சாந்தும் மெத்தென்றது. மழை நீர் உள்ளே இறங்கினாலும் சாந்து வழியாக ஆவியாகிவிடும். 20ஆம் நூற்றாண்டில் ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று செங்கல் இணைப்புகளைச் சிமென்ட்டால் பூசி பாயிண்டிங் செய்தார்கள். சிமென்ட் வழியாக நீர் வெளியேறாது, செங்கல் வழியாகத்தான் வர வேண்டும். குளிர்காலத்தில் உறைந்ததும் செங்கல்லின் முகம் தகடு தகடாகக் கழன்று விழும். சிமென்ட் வரிகள் மட்டும் புடைத்து நிற்க, நடுவே செங்கல் குழிந்திருந்தால் நோய் இதுதான்.

சரிசெய்யும் முறை: இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குப் பழைய பூச்சை உளியால் சுரண்ட வேண்டும். கிரைண்டர் வைத்தால் செங்கல்லின் விளிம்பு போய்விடும். தூசியைத் துடைத்து நன்றாக நனைக்க வேண்டும். ஒரு பங்கு நீரில் இறுகும் சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூரான மணல். அழுத்தித் திணித்து, லேசாக இறுகியதும் பிரஷ்ஷால் தட்டி முகத்தைச் சொரசொரப்பாக்க வேண்டும். பிறகு ஈரச் சாக்கு போட்டுச் சில நாள் காய விடாமல் பார்த்துக்கொள்வது. ஐந்து டிகிரிக்குக் கீழே குளிர் போனால் வேலையைத் தொடவே கூடாது. அவசரப்படுகிறவர்கள் சாக்கைத்தான் முதலில் மறப்பார்கள், மறுவருடம் சாந்து பொடியாக உதிரும்.

புகைபோக்கியிலும் இதே கதை. கணப்பை நிறுத்தி ஹீட்டர் வைத்ததும் மேல் வாயையும் கீழ் வாயையும் இறுக அடைத்துவிடுவார்கள். உள்ளே தங்கும் ஈரம் பழைய கரியைக் கரைத்து மாடிச் சுவரில் பழுப்புக் கறையாக வெளிவரும். மேலே காற்றோட்டமுள்ள மூடி, கீழே ஒரு சின்ன ஜாலி வைத்தால் தீரும்.

ஐந்தாம் நாள்: லண்டன்

மைல் எண்ட் ரோட்டில் ட்ரினிட்டி கிரீன். ஸ்டெப்னி கிரீன், வைட்சேப்பல் இரண்டு ஸ்டேஷனிலிருந்தும் நடக்கலாம். 1695இல் ட்ரினிட்டி ஹவுஸ் என்ற கப்பலோட்டிகள் சங்கம் ஓய்ந்துபோன 28 கப்பல் தலைவர்களுக்கோ அவர்கள் விதவைகளுக்கோ கட்டியது. நிலம் கொடுத்தவர் கேப்டன் ஹென்றி மட். நடுவில் புல்தரை, இருபுறமும் எதிரெதிர் வீட்டு வரிசை, கோடியில் சாப்பல். தெருவைப் பார்த்த சுவர் உச்சிகளில் குட்டிக் கப்பல்கள். இப்போது இருப்பவை நகல்கள். 1895இல் இடிக்க முடிவானபோது கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பீ எதிர்த்து நின்றார். கட்டடம் தப்பியது, லண்டனின் பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் பெரிய வேலையும் அதிலிருந்தே தொடங்கியது. இன்று இவை சாதாரணக் குடியிருப்புகள், வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

கிழக்கே பாப்லரில், சென்னைக் கோட்டைக்குக் கப்பல் அனுப்பிய கிழக்கிந்தியக் கம்பெனியும் தன் கப்பலாட்களுக்கு ஓர் ஆம்ஸ்ஹவுஸ் வைத்திருந்தது. அது போய்விட்டது. 1654இல் எழுந்த அதன் சாப்பல் மட்டும் செயின்ட் மத்தையாஸ் என்ற பெயரில் நிற்கிறது.

வைட்சேப்பலில் ஓவர்கிரவுண்ட் பிடித்து ஹாக்ஸ்டனில் இறங்கினால் எதிரிலேயே மியூசியம் ஆஃப் தி ஹோம். லண்டன் மேயராக இருந்த ராபர்ட் ஜெஃப்ரி விட்டுப்போன பணத்தில் இரும்பு வணிகர் சங்கம் 1714இல் கட்டிய 14 வீடுகள், வீட்டுக்கு நான்கு அறை. அறைக்கு ஒருவர் அல்லது ஒரு தம்பதி. வாழ்க்கை முழுவதும் அந்த ஓர் அறையில்தான்: சமையல், படுக்கை, கணப்பு எல்லாம். அனுமதி இலவசம், திங்கள் விடுமுறை. ஆனால் 14ஆம் எண் வீட்டை மட்டும் 18, 19ஆம் நூற்றாண்டு நிலைக்குத் திருப்பி வைத்திருக்கிறார்கள், அதற்குத் தனியாக முன்பதிவு வேண்டும். ஜெஃப்ரியின் பணத்தில் ஒரு பங்கு அடிமை வியாபாரத்திலிருந்து வந்தது. நடு வாசலுக்கு மேல் நிற்கும் அவர் சிலையை அகற்றுவதா என்று 2020 முதல் வாதம் நடக்கிறது. தர்மத்தைப் பார்க்கும்போது பணம் வந்த வழியையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை.

கடைசியாக பார்பிகன் ஸ்டேஷனை ஒட்டிய சார்ட்டர்ஹவுஸ். 1371இல் கார்த்தூசியன் துறவி மடம், அதற்கும் முன் கொள்ளைநோய்க் காலத்து இடுகாடு. மடம் கலைந்து பிரபுக்கள் மாளிகையாகி, நிலக்கரியில் பணம் பார்த்த தாமஸ் சட்டன் 1611இல் வாங்கி 80 முதியவர்களுக்கும் 40 பையன்களுக்கும் எழுதி வைத்தார். பையன்களின் பள்ளி 1872இல் ஊரை விட்டுப் போனது, முதியவர்கள் இருக்கிறார்கள். 1941 குண்டுவீச்சில் எரிந்ததைத் திரும்பக் கட்டினார்கள். பிரதர் என்ற பெயரிலேயே இப்போது பெண்களும் சேர்கிறார்கள்.

இங்கே தேட வேண்டியது மடத்துக் காலத்துத் துறவி அறையின் வாசல் ஒன்று. பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பொந்து, சாப்பாட்டை முகம் பார்க்காமல் உள்ளே வைப்பதற்கு. கார்த்தூசியன்கள் ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு தோட்டம் என்று தனித்தனியாக வாழ்ந்தவர்கள். சிசெஸ்டர் கூடத்தில் பலர் வரிசையாகப் படுத்திருந்த காலத்துக்குச் சற்றுப் பின்னால், தவத்துக்காக அவர்கள் வைத்துக்கொண்ட தனிக் கதவுதான் பிற்பாடு முதியவர்களுக்கு வசதியாக வந்து சேர்ந்தது.

குடியேறும் விதிகளைப் பலர் கேட்கிறார்கள். ஆம்ஸ்ஹவுஸில் இருப்பவர் வாடகைதாரர் அல்ல, அறக்கட்டளையின் பயனாளி. வாடகைக்குப் பதில் வாரப் பராமரிப்புத் தொகை கட்டுவார். வயது, வருமானம், அந்த ஊரோடு உள்ள தொடர்பு, சில இடங்களில் தொழில் என்று நிபந்தனை ஒவ்வொரு பத்திரத்திலும் வேறுபடும். வாடகைதாரருக்குரிய சட்டப் பாதுகாப்பு இல்லாததால் சேரும் முன் நியமனக் கடிதத்தை வரி விடாமல் படிக்க வேண்டும்.

சார்ட்டர்ஹவுஸில் மியூசியமும் சாப்பலும் தனியாகவே பார்க்கலாம். உள் முற்றங்களுக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். அங்கே வசிக்கும் பிரதர் ஒருவரே நடத்தும் சுற்று இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்பது முதல் சாப்பாட்டுக் கூடத்தில் யார் எங்கே உட்காருவார்கள் என்பது வரை அவரிடம் கேட்கலாம்.